போன வருடத் தொகையோடு பத்து வீதம்: தொழில் அலுவலகப் பாதீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த வருடச் செலவு மதிப்பீட்டைக் கேட்கும் பாதீட்டுச் சுற்றறிக்கை திறைசேரியிலிருந்து கிளம்பி, தொழில் திணைக்களம் வழியாக மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது பதில் அனுப்பச் சில நாட்கள்தான் மிஞ்சியிருக்கும். உடனே போன வருடத்துப் பைல் மேசைக்கு வரும். ஒவ்வொரு தொகையோடும் பத்து வீதத்தைக் கூட்டி, கையொப்பம் வைத்து அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இருப்பவர் அதே பத்து வீதத்தை வெட்டுவார். அவர்மேல் பிழை சொல்லவும் முடியாது, ஏன் கூட்டினோம் என்று ஒரு வரிகூட நாம் எழுதவில்லையே.

தொழில் அலுவலகத்தின் வேலை மேசையோடு முடிவதில்லை. தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் தொழில்தருநரின் 12 வீதமும் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பார்க்க, உத்தியோகத்தர் கடைக்கும் ஆலைக்கும் நேரில் போக வேண்டும். எரிபொருளும் பிரயாணச் செலவும்தான் இந்த மதிப்பீட்டின் உயிர். அதைப் போய் ஒரே மொத்தத் தொகையாக எழுதுகிறோம்.

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டைக்குப் போய்வர நூறு கிலோமீற்றருக்கு மேல். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனம் என்று வைத்தால் ஒரு பயணத்துக்குக் குறைந்தது 10 லீற்றர். மாதம் நான்கு தடவை போனால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் வருடத்துக்கு 480 லீற்றர். கந்தளாய், மூதூர், வெருகல் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி எழுதி, வாகன ஓட்டப் பதிவேட்டின் பிரதியையும் இணைத்துப் பாருங்கள். வெட்ட நினைப்பவர் எந்தப் பயணத்தை நிறுத்துவது என்று சொல்ல வேண்டி வரும்.

பழைய பைலைப் பார்த்து எழுதுவதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டு, பின்னர் மற்றப் பாலங்களும் வந்து மூதூருக்குத் தரைவழியே போகத் தொடங்கிய பிறகும், எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ‘படகுக் கட்டணம்’ என்ற வரி வருடா வருடம் பத்து வீதம் ஏறிக்கொண்டே இருந்தது. கணக்காய்வு வினவல் வந்த பிறகுதான் அது நின்றது.

அடுத்தது, ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் பிரிப்பது. நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்குச் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. தற்காலிகமாகச் சேர்க்கப்படும் ஊழியர்களின் சம்பளப் பதிவேட்டைப் பார்க்க வேண்டியதும் அப்போதுதான், மாரி மழையில் போய்ப் பயனில்லை. சமமாகப் பிரித்தால் ஓகஸ்டில் கட்டுநிதி, அதாவது செலவுக்கென மாதாமாதம் கைக்கு வரும் காசு, போதாது, டிசம்பரில் மிஞ்சும். 31ஆம் திகதியோடு ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற பயத்தில் ஏ4 தாள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சில கந்தோர்களில் அந்தப் பெட்டிகள்தான் முறைப்பாட்டாளருக்குக் கதிரை.

நிலுவையாக அறவிட்ட சேமலாப நிதியை அலுவலகத்தின் வருமானம்போலக் காட்டுவதும் பிழை. ‘இவ்வளவு கொண்டுவந்தோம், இவ்வளவு தாருங்கள்’ என்று எழுதினால் எடுபடாது. அது தொழிலாளியின் காசு, மத்திய வங்கியில் அவருடைய கணக்குக்குத்தான் போகிறது. எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை தீர்ந்தது, வாகனம் இல்லாமல் எத்தனை தள்ளிப்போனது என்று எழுதுங்கள். அந்த மூன்றாவது எண்ணைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை.

வாகனம் கேட்பவர்கள் சாரதிப் பதவி, காப்புறுதி, திருத்தச் செலவு எல்லாவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். வெற்றிடமாகக் கிடக்கும் பதவிகளுக்கும் முழுச் சம்பளம் போடாதீர்கள், அது முதலில் கண்ணில் படும்.

அப்புறம், மொழிபெயர்ப்பு. தமிழில் முறைப்பாடு வரும், சிங்களத்தில் சம்பளப் பதிவேடு இருக்கும், இரண்டும் ஒரே பைலில். இதற்கு மதிப்பீட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. இரண்டு மொழியும் தெரிந்த முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா செய்து கொடுப்பார். அவருக்கு இடமாற்றம் கிடைக்கும் வருடம் அந்தப் பைல்கள் அப்படியே கிடக்கும்.