நாண் தடித்தால் அம்பு முரண்டு பிடிக்கும்

என் வில் மர ரிகர்வ், அதாவது நுனிகள் வெளிப்புறம் வளைந்த வில்; இழுவிசை 40 பவுண்ட். பழைய வில், நுனிகளுக்கு வலுவூட்டல் இல்லை. அதனால் டைனீமா போன்ற நீளாத இழை நாண் வேண்டாம், கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும் டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண்தான் என்று முடிவு செய்தேன். அதுவரை சரி. ஆனால் கெட்டியாக இருக்கட்டும் என்று 16 இழை நாணை வாங்கிவிட்டேன்.

அம்பின் பின்முனைப் பிளவை நாணில் மாட்டுவதற்கே அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது. விட்டால் ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில். பல நாள் என் விரல்களைத்தான் குற்றம் சொன்னேன்.

அப்புறம் நாணைத் தரைக்கு இணையாகப் பிடித்து, அதில் அம்பை மாட்டி, முனை கீழே இருக்கும்படி தொங்கவிட்டுப் பார்த்தேன். நாணை விரலால் லேசாகத் தட்டினால் அம்பு கழன்று விழ வேண்டும். என்னுடையதோ உதறினாலும் விழவில்லை.

12 இழையில் நானே புதிதாகக் கட்டினேன். 40 பவுண்ட் டேக்ரானுக்கு அதுவே போதும். இம்முறை தலைகீழ்ச் சிக்கல்: தொட்டவுடன் அம்பு நழுவியது. இது இன்னும் ஆபத்து; இழுக்கும்போது நழுவினால் வெறும் நாண் அடித்து வில்லே உடையலாம். நாணின் நடுவில், அம்பு மாட்டும் இடத்தில் சுற்றிய நூலைப் பிரித்து, 0.018 அங்குல நூலுக்குப் பதில் 0.024 சுற்றியதும் ‘டிக்’ என்று அளவாக உட்கார்ந்தது.

முதல் வாரம் நாண் நீண்டு கைப்பிடியை நெருங்கியது. கழற்றி நாலைந்து முறுக்கு ஏற்றிக் குறுக்கினேன். இப்போது அம்புகள் ஒரே பக்கம் போகின்றன; நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் இடது. அது என் விரல்களின் தவறுதான்.