விப்ரியோவுக்கு டிகார்பாக்சிலேஸ் சோதனை: குழாய் ஊதாவாவது ஏன், எப்போது நம்பலாம்

தொண்டி, மண்டபம் பக்கத்து இறால் குளங்களில் எடுக்கும் விப்ரியோவை (கடல்நீரில் வாழும் பாக்டீரியா) இனம் பிரிக்க மோலர் குழம்பு நல்ல கருவி. அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றும் டிகார்பாக்சிலேஸ் நொதி பாக்டீரியாவில் இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் திரவ ஊடகம் இது: அமிலமானால் மஞ்சள், பிஎச் ஏறினால் ஊதா. ஆனால் வழக்கமான செய்முறையில் உப்பு கிடையாது. அப்படியே காய்ச்சினால் கடல் விப்ரியோ பலவும் வளராது. வளராத குழாயை 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுவோம்.

1 லிட்டருக்கு: பெப்டோன் 5 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 5, குளுக்கோஸ் 0.5, புரோமோகிரெசால் பர்ப்பிள் 0.01, கிரெசால் ரெட் 0.005, பைரிடாக்சால் 0.005, அதோடு சோடியம் குளோரைடு 10 கிராம். நான்காகப் பிரித்து, மூன்றில் லைசின், ஆர்னிதின், அர்ஜினின் தலா 1 சதவீதம் சேருங்கள் (எல் வடிவம்; எல், டி இரண்டும் கலந்த டிஎல் என்றால் 2). நான்காவது அமினோ அமிலம் சேராத வெறும் கன்ட்ரோல் (ஒப்பிடுவதற்கான குழாய்). அமினோ அமிலம் போட்ட பிறகுதான் பிஎச் 6.0-க்குத் திருத்த வேண்டும். ஆர்னிதின் ஹைட்ரோகுளோரைடு பிஎச்சை நன்றாகவே இறக்கிவிடும். 121 டிகிரியில் 10 நிமிடம் ஆட்டோகிளேவ்.

டிசிபிஎஸ் (விப்ரியோவைப் பிரித்தெடுக்கும் ஊடகம்) தட்டிலிருந்து நேரே எடுக்காமல், உப்புச் சேர்த்த டிஎஸ்ஏ-யில் (பொது வளர்ப்பு ஊடகம்) ஒரு நாள் வளர்த்து எடுத்துக் குழாய்களில் இடுங்கள். மேலே அரை சென்டிமீட்டர் ஸ்டெரைல் பாரஃபின் எண்ணெய் கட்டாயம். காற்று புகுந்தால் பெப்டோன் சிதைந்து அம்மோனியா வரும், கன்ட்ரோலும் ஊதாவாகும். 37 டிகிரியில் 4 நாள் வரை தினமும் பாருங்கள்.

முதல் நாள் எல்லாம் மஞ்சளாகவே இருக்கலாம். அவசரப்பட்டு முடிவெழுதக் கூடாது, காரணம் மரபணுவில் இருக்கிறது. குளுக்கோஸ் புளித்து அமிலம் உண்டானால்தான், லைசினும் கூடவே இருந்தால்தான், 'கேட்-சி' புரதம் 'கேட்-பிஏ' ஓப்பரானை (ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுதி) முடுக்கும். கேட்-ஏ லைசினிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி கடாவரின் என்ற அமீனாக ஆக்கும். கேட்-பி அதை வெளியே தள்ளி அடுத்த லைசினை உள்ளே இழுக்கும். பிஎச் ஏறும், ஊதா வரும். பைரிடாக்சால் இந்த நொதிக்கான துணைப்பொருள், செலவைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் இனம்: லைசின் ஊதா, ஆர்னிதின் பெரும்பாலும் ஊதா, அர்ஜினின் மஞ்சள். அர்ஜினின் ஊதாவானால் ஏரோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியாவாக இருக்கலாம். அங்கே அமீன்தான் உண்டானது என்று எழுதாதீர்கள். அர்ஜினினைச் சிதைக்கும் டைஹைட்ரோலேஸ் என்ற வேறு நொதிப் பாதையில் வரும் அம்மோனியாவும் அதே நிறம் தரும்.

செல்லுக்குள் உண்டாகும் ஸ்பெர்மிடின் என்ற பாலிஅமீனைப் பற்றியும் இந்தக் குழாய் எதுவும் சொல்லாது. ஈகோலி அதை 'ஸ்பெ-டி', 'ஸ்பெ-இ' மரபணுக்களால் செய்கிறது. விப்ரியோவோ 'என்எஸ்பி-சி' வழியாகச் செல்லும் வேறு பாதையில் அதற்கு நெருங்கிய நார்ஸ்பெர்மிடினைச் செய்கிறது. அதை அறிய, மரபணுவைக் காட்டும் பிசிஆரும் அமீன்களைப் பிரித்தளக்கும் எச்பிஎல்சியும்தான் வழி.

கன்ட்ரோல் மஞ்சளாகாவிட்டால் வளர்ச்சியே இல்லை, அல்லது காற்று புகுந்திருக்கிறது. மொத்த வரிசையையும் தள்ளிவிட்டு, உப்பையும் எண்ணெயையும் சரிபார்த்து மறுபடி போடுங்கள்.