பழைய காரின் டெம்பரேச்சர் கேஜுக்குச் சரியான சென்சார் அமைப்பது எப்படி

பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடையில் "டெம்பரேச்சர் சென்சார் வேணும்ணா" என்று கேட்டால், கவுண்டரில் இருப்பவர் முதலில் பார்ப்பது மரையைத்தான். பழையதைக் கையில் வாங்கி, அதே மரை உள்ள ஒன்றை எடுத்து வைப்பார். அது எஞ்சினில் ஒழுங்காக ஏறும், தண்ணீரும் கசியாது. ஆனால் டாஷ்போர்டிலுள்ள டெம்பரேச்சர் கேஜின் முள் பொய் சொல்லும். கேஜுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: சென்சார் எத்தனை ஓம் மின்தடை காட்டுகிறது. ஆகவே உங்கள் கேஜின் முள் எத்தனை ஓமுக்கு எங்கே நிற்கிறது என்பதை வீட்டிலேயே அளந்து, தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் கேஜின் வகை. பின்னால் ஒயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் போனால் அது காப்பிலரி கேஜ். அதில் சென்சார் மாற்றும் பேச்சே இல்லை, குழாயை வெட்டினால் கேஜ் போச்சு. ஒயர் உள்ளதென்றால் இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். முள் சாவகாசமாக ஏறினால் பைமெட்டல் (சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு), சட்டென்று தாவினால் காந்த வகை.

பைமெட்டல் கேஜ் பெரும்பாலும் 12 வோல்ட்டில் நேரடியாக ஓடாது. டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். அது மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து, சராசரியாக 10 வோல்ட் தரும். பெட்ரோல் கேஜும் டெம்பரேச்சர் கேஜும் சேர்ந்தாற்போல் அதிகமாகக் காட்டினால் சென்சாரைச் சந்தேகிக்காதீர்கள். ஸ்டெபிலைசர் கெட்டிருக்கும், அல்லது அதன் கூட்டுக்கு எர்த் (வண்டியின் உலோக பாடியோடு இணைப்பு) கிடைத்திருக்காது. துருவைச் சுரண்டி ஸ்க்ரூவை இறுக்கினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். மாற்றத்தான் வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில், 10 வோல்ட் தரும் 7810 ஐ.சி. கேளுங்கள். அதன் உலோக முதுகு எர்த் என்பதால், நெகட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் நெகட்டிவ் பாடியோடு இணைந்தது) பாடியிலேயே போல்ட் போடலாம். அது கிடைக்காவிட்டால் எல்.எம்.317 வாங்கி, 240 ஓமும் 1,680 ஓமும் (1,500, 180 இரண்டையும் தொடராக) போட்டால் 10 வோல்ட் வரும். ஆனால் இதன் முதுகு அவுட்புட். மைக்கா ஷீட் வைக்காமல் பாடியில் இறுக்கினால் ஷார்ட் ஆகிவிடும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இந்த இரண்டையும் அப்படியே மாட்டக் கூடாது.

இப்போது கேஜை அளக்கலாம். எஞ்சினிலுள்ள சென்சாரின் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மாட்டுங்கள்: 270, 220, 150, 100, 68, 47, 39, 33, 22 ஓம். எல்லாம் 1 வாட். பைமெட்டல் முள் நிலைக்கு வர இரண்டு நிமிடமாவது விட்டு, முள்ளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரை நேரே எர்த்தில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளுக்கு உண்டு. பிடித்துக்கொண்டே இருந்தால் கேஜுக்குள் இருக்கும் காயில் கருகலாம், அதைத் திரும்பச் சுற்றித் தர ஆள் கிடைப்பது அரிது.

அடுத்தது சென்சார். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரை ஒயரில் கட்டித் தொங்கவிடுங்கள். பல்பு (சென்சாரின் நுனி) முழுக வேண்டும், அடியைத் தொடக் கூடாது, டெர்மினல் நனையக் கூடாது. மல்டிமீட்டரின் ஒரு முனை டெர்மினலில், மற்றது பித்தளை உடம்பில். இரண்டு முனைகளையும் ஒட்டினால் வரும் 0.3, 0.5 ஓமைக் கடைசியில் கழித்துவிடுங்கள். கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, கலக்கிக்கொண்டே ஆறும்போது அளப்பதுதான் துல்லியம். ஏறும்போது தண்ணீர் முந்திக்கொள்ளும், சென்சார் பின்தங்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிநிலையை 100 என்று எழுதிவிட்டால் கணக்கு அங்கேயே பிசகும். தெர்மாமீட்டர் கட்டாயம்.

வி.டி.ஓ. என்ற கம்பெனியின் வகைச் சென்சார் ஒன்று 60 டிகிரியில் 134, 80ல் 70, 90ல் 51, 100ல் 38 ஓம் அளவில் காட்டும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் முக்கால் பங்காகக் குறைவதைக் கவனியுங்கள். தண்ணீரில் அளக்க முடியாத மேல்மட்டத்தை இதை வைத்தே கணித்துவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கேஜ் 68 ஓமில் நடுவிலும் 38 ஓமில் சிவப்பிலும் நிற்கிறது. கடையில் கிடைத்த சென்சாரோ 80 டிகிரியில் 110, 100ல் 60 காட்டுகிறது. அப்படியே மாட்டினால் தண்ணீர் 100 டிகிரியைத் தொடும்போதும் முள் நடுவைத் தாண்டி லேசாகத்தான் ஏறியிருக்கும். எஞ்சின் ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல், அதாவது ஹெட் கேஸ்கட், போவது இப்படித்தான். டெர்மினலுக்கும் எர்த்துக்கும் இடையே இணையாக 180 ஓம் போட்டால் 80ல் 68, நடு கச்சிதம். ஆனால் 100ல் 45, சிவப்பை எட்டாது. 100 ஓம் போட்டால் 100 டிகிரியில் 37.5, சிவப்பு சரி. 80ல் 52 ஆகி முள் நடுவுக்கு மேலே நிற்கும். நாங்கள் 100 ஓமையே போடுவோம். நடுவில் கொஞ்சம் பயமுறுத்தினால் பழகிக்கொள்ளலாம், சிவப்பில் ஏமாற்றினால் எஞ்சின் போய்விடும்.

சென்சாரின் ஓம் குறைவாக இருந்தால் ஒயரிலேயே தொடராக ரெசிஸ்டர் போடுங்கள். 80ல் 50, 100ல் 27 காட்டும் சென்சாருக்கு 12 ஓம் சேர்த்தால் 62, 39 ஆகிவிடும். இணை ரெசிஸ்டர் முள்ளை ஏற்றும், தொடர் ரெசிஸ்டர் இறக்கும். பைமெட்டலுக்கு 1 வாட், காந்த வகைக்கு 2 வாட்.

புதுக் கார்களின் ஈ.சி.யூ. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சென்சாரை மட்டும் தொடாதீர்கள். அது 80 டிகிரியில் 300 ஓமுக்கு மேலும், 100ல் 180 அளவிலும் இருக்கும். இணையாக 82 ஓம் போட்டாலும் 65லிருந்து 56க்குத்தான் இறங்கும், முள் நகர்ந்ததே தெரியாது.

மரை இப்போதுதான் வருகிறது. எம்10x1, 1/8 பி.எஸ்.பி., 1/8 என்.பி.டி. என்ற மூன்று மரை அளவுகளும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். தவறானது இரண்டு சுற்று சுலபமாக ஏறி, பிறகு இறுகும். அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள், ஸ்பேனரால் தள்ளினால் அலுமினிய ஹவுசிங்கின் மரை உரிந்துவிடும். லேத்தில் பித்தளை அடாப்டர் கடைந்தால், பல்பின் நுனி தண்ணீர் ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடாப்டருக்குள் ஒளிந்துகொண்டால் நீராவிப் பையில் மாட்டிக் குறைவாகக் காட்டும். டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் தடைபடலாம். நுனி வரை ஒரே பருமனுள்ள நேர் மரைக்குச் செம்பு வாஷர் போதும். மாட்டியபின் சென்சார் உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்தால் 1 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

கடைசியாக, சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டின் ஹவுசிங்கில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, அங்கே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது தப்பாகப் படிக்கும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் போல வண்டி நகராமல் நிற்கும் நிலையில், ஐட்லிங்கில் 20 நிமிடம் ஓடவிட்டு தெர்மாமீட்டரையும் கேஜின் முள்ளையும் ஒப்பிடுங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் என்றால் அது திறந்தபின் முள் எங்கே நிற்கிறதோ அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் பிரஷர் கேப் (அழுத்தத்தை அடக்கி வைக்கும் மூடி) இல்லாத மிகப் பழைய வண்டியில் தண்ணீர் இங்கே 97லேயே கொதிக்கும் என்பதால், சிவப்பு 95க்கே வரும்படி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்.