வீட்டு சர்வருக்கு எந்த ஆக்சஸ் பாயின்ட்?

வீட்டில் ஒரு மினி பிசியை சர்வராக்கி அதில் படம் பார்க்க ஜெல்லிஃபின், போட்டோக்களைச் சேமிக்க இம்மிச், வீட்டுக் கருவிகளை இயக்க ஹோம் அசிஸ்டன்ட் என்று ஒவ்வொன்றாக ஏற்றியவர்களுக்கு, பிராட்பேண்ட்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியின் வைஃபை போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிடும். இணையத்துக்கு 100 எம்பிபிஎஸ் வந்தால் யாரும் குறை சொல்வதில்லை. அதே 100-இல் போனிலிருந்து 40 ஜிபி படங்களை சர்வருக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போய்விடும், 600 கிடைத்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். வைஃபை பரப்புவதை மட்டுமே வேலையாகக் கொண்ட தனிப் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட் வாங்க இந்தக் காரணமே போதும். எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

கடைக்குப் போகும் முன் ஒன்று: சர்வர் எப்போதும் கேபிளில்தான் இருக்க வேண்டும். சர்வரும் வைஃபையில், போனும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது, வேகம் பாதியாகிறது. அப்புறம், "சர்வரிலேயே வைஃபை கார்டு இருக்கிறதே, அதையே ஆக்சஸ் பாயின்ட் ஆக்கினால் என்ன" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். மினி பிசிகளில் வரும் இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் 5 ஜிகாஹெர்ட்ஸில் அப்படி இயங்க விடாது, கார்டுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

சரி, பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணுக்கு வருவோம். வைஃபை 6 பெட்டியில் ஏஎக்ஸ்3000 என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 574, 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டிக் கொஞ்சம் தூக்கிப் போட்ட கணக்கு. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். அந்த 2402-உம் சேனல் அகலம் 160 மெகாஹெர்ட்ஸாக இருந்தால்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து வைஃபைக்கு நடுவே அவ்வளவு அகலம் சுத்தமாகக் கிடைப்பது அபூர்வம். வழக்கமான 80 மெகாஹெர்ட்ஸில், இரண்டு ஆன்டெனா உள்ள போனுக்கு 1201 என்று காட்டும், அதே அறையில் உட்கார்ந்து அளந்தால் கையில் வருவது 600 முதல் 800 வரை. பெட்டியின் பின்னால் இருப்பது 1 ஜிபிபிஎஸ் போர்ட் என்றால் அதன் வழியே நிஜமாகப் போவதும் 940 சுமார்தான், ஆகவே பலருக்கு அதுவே பொருத்தமான ஜோடி. சர்வரும், கேபிள்களை இணைக்கும் சுவிட்சும் 2.5 ஜிபிபிஎஸ்ஸாக இல்லாத வீட்டில் 2.5 போர்ட் உள்ள ஆக்சஸ் பாயின்டுக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 4கே ப்ளூரே டிஸ்க்கின் உச்ச வேகமே 150 எம்பிபிஎஸ்ஸுக்குள்தான், படம் பார்க்கிற ஆசைக்காக யாரும் வேகத்தைத் துரத்த வேண்டாம்.

வைஃபை 7 வாங்கலாமா? அதன் பெரிய கவர்ச்சி 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இந்தியாவில் அதன் கீழ்ப்பகுதியை மட்டும், 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமம் இல்லாமல் பயன்படுத்த விடுவதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வந்தன. அந்த இடத்தில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். போதாததற்கு 6 ஜிகாஹெர்ட்ஸ் செங்கல் சுவரைக் கண்டாலே களைத்துவிடும். வாங்கினால் தப்பில்லை, ஆனால் நல்ல வைஃபை 6 பெட்டி இரண்டு வாங்கும் காசில் வைஃபை 7 பெட்டி ஒன்று வாங்குவதுதான் உங்கள் திட்டம் என்றால் இரண்டையே வாங்குங்கள்.

ஏனென்றால் நம் வீடுகளின் பிரச்சினை வேகம் அல்ல, சுவர். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினாலே 5 ஜிகாஹெர்ட்ஸ் தளர்ந்துவிடும், கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவதற்குள் பேருக்கு ஒரு கோடுதான் மிஞ்சும். மரச்சட்டமும் ஜிப்சம் பலகையுமாகக் கட்டிய அமெரிக்க வீட்டில் அமர்ந்து "ஒன்றே போதும்" என்று சொல்பவரின் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மாடிக்கு ஒன்று, நீளமான வீடு என்றால் தளத்துக்கு இரண்டு என்று கணக்குப் போடுங்கள். சீலிங்கில் மாட்டும் வட்ட வகைதான் எனக்குப் பிடித்தது, சிக்னலைக் கீழ்நோக்கிக் குடை மாதிரி விரிக்கும். சீலிங்குக்குப் பைப் விடாமல் கட்டிவிட்ட வீட்டில், சுவரில் சுவிட்ச் போர்டு இடத்தில் உட்காரும் வகை உண்டு. டிபி-லிங்க் இஏபி615-வால், யுபிக்விட்டி யு6 இன்-வால் போன்றவை. அவற்றின் அடியில் லேன் போர்ட்டுகளும் இருப்பதால் டிவிக்குத் தனிக் கேபிள் மிச்சம். கேபிள் இழுக்காமல், பெட்டிகளே வைஃபையில் ஒன்றோடொன்று பேசும் மெஷ் போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு: முடியும், ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் பெட்டியில் மறுபடியும் பாதி வேகம்தான்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். சிசிஏ என்று அச்சடித்து விலை மலிவாக வரும் சுருள், உள்ளே அலுமினியம், மேலே செம்பு பூசியது. அதில் மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் சூடாகும், நாளடைவில் முனை முறியும். முழுச் செம்பு கேட்6 என்று கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்தையும் அதே கேபிளில் கொடுப்பதைத்தான் பிஓஇ என்கிறோம். 802.3ஏஎஃப் வகை சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், ஏடி வகை 30 வாட். சிறிய வைஃபை 6 பெட்டிகளுக்குப் பெரும்பாலும் முதலாவதே போதும், பெரியவை இரண்டாவதைக் கேட்கும். பழைய மாடல்கள் சிலவற்றில் 24 வோல்ட் பாசிவ் என்று ஒன்று உண்டு, அது ஏஎஃப் சுவிட்சோடு சேராது, பழையது வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிஓஇ-யின் நிஜமான சுகம் கரண்ட் போகும்போது தெரியும்: சர்வர், ரவுட்டர், சுவிட்ச் மூன்றும் ஒரே யுபிஎஸ்ஸில் இருந்தால் வீடு முழுக்க உள்ள ஆக்சஸ் பாயின்ட்டுகளும் தானாக உயிரோடு இருக்கும்.

இனிதான் முக்கியமான இடம், சர்வர் வைத்திருப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான். பல ஆக்சஸ் பாயின்ட்டுகளை ஒன்றாக நிர்வகிக்க கன்ட்ரோலர் என்ற மென்பொருள் வேண்டும், யுபிக்விட்டியின் யுனிஃபை, டிபி-லிங்கின் ஓமடா இரண்டுக்கும் அதை நம் சர்வரிலேயே நிறுவலாம். நிறுவுங்கள், நல்லதுதான். ஆனால் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி பதினோரு மணிக்கு சர்வரைக் கழற்றி ரேம் மாற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டில் மற்றவர்களுக்கு வைஃபை இருக்குமா? இந்த இரண்டிலும் ஒரு முறை அமைத்துவிட்டால் கன்ட்ரோலர் இல்லாமலும் சாதாரண வைஃபை ஓடும், விருந்தினர் லாகின் பக்கம் போன்ற சில வசதிகள் மட்டும் நின்றுபோகும். கன்ட்ரோலரே வேண்டாம் என்றால் ரக்கஸ் அன்லீஷ்டு இருக்கிறது, ஆக்சஸ் பாயின்ட்டுகளில் ஒன்றே தலைமை ஏற்றுக்கொள்ளும். பெட்டியின் மென்பொருளை எடுத்துவிட்டு திறந்த மூல ஓபன்டபிள்யூஆர்டி போடும் எண்ணம் இருந்தால் அதன் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணையும் ஒப்பிடுங்கள், ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் வைத்து விற்பது இந்தத் தொழிலில் சகஜம். உற்பத்தியாளரின் கிளவுட் கணக்கு இல்லாமல் எதையுமே மாற்ற விடாத வகையை நான் தொடுவதில்லை, அவ்வளவுதான். இதே நியாயம் டிஎச்சிபிக்கும் பொருந்தும்: விளம்பரத்தைத் தடுக்கும் பைஹோல் சர்வருக்குள் இருக்கட்டும், கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் அந்த டிஎச்சிபி வேலை ரவுட்டரிடமே இருக்கட்டும்.

விலேன், அதாவது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி, கட்டாயம். மலிவு விலைக் கேமராவும் ஸ்மார்ட் பிளக்கும் உங்கள் பேக்கப் இருக்கும் நெட்வொர்க்கிலேயே திரிவது நல்லதல்ல. ஒவ்வொரு வைஃபை பெயரையும் ஒரு விலேனோடு கட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, அதற்கு மேல் பெயர்களைப் பெருக்கினால் ஒவ்வொன்றும் தன்னை அறிவித்துக்கொள்ளும் சத்தத்திலேயே காற்று நிரம்பும். இஎஸ்பி8266 சிப் உள்ள ஸ்மார்ட் கருவிகளுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், அந்தப் பெயரில் பழைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், கையைக் கடிக்காத விலைக்கு ஓமடா இஏபி610, இடைமுகம் அழகாக வேண்டும் என்றால் யுனிஃபை யு6 பிளஸ். நெட்வொர்க்கிங்கைப் பொழுதுபோக்காகவே வைத்திருப்பவர்களுக்கு மைக்ரோடிக் சிஏபி ஏஎக்ஸ், மற்றவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மாட்டிய பிறகு பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். 2.4-இல் சேனல் 1, 6, 11 மட்டும், அகலம் 20. 5-இல் 36-உம் 149-உம் மாற்றி மாற்றி, அகலம் 80. நடுவில் உள்ள சேனல்களில் ரேடாருக்கு வழிவிட வேண்டும் என்பதால் பெட்டி திடீரென்று இடம் மாறக்கூடும். பவரை உச்சத்தில் வைக்காதீர்கள்: பெட்டி கத்துவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது பெட்டிக்குக் கேட்காது, போதாக்குறைக்கு அடுத்த அறைக்குப் போன பிறகும் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கும். சர்வரில் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடவிட்டு, லேப்டாப்பை அறை அறையாக எடுத்துப் போய் இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். ஏதாவது ஓர் அறையில் 200 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே போனால் முதலில் பெட்டியை நகர்த்திப் பாருங்கள், நகர்த்தியும் ஏறவில்லை என்றால் அந்த அறைக்கு இன்னொரு கேபிள் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.