இரும்பு மீக்கடத்தி: ஒரு சோறு பதம் சொல்லாத பானை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கை இரும்பு மீக்கடத்திகளிடம், அதாவது போதுமான அளவு குளிர்ந்ததும் மின்தடை முழுக்க மறைந்து காந்தப் புலத்தையும் வெளியே தள்ளும் இரும்புச் சேர்மங்களிடம், கொண்டுபோனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். ஒரு சோறு வெந்திருக்கும். மீதிப் பானை அரிசியாகவே கிடக்கும். மீக்கடத்தல் தொடங்கும் நிலைமாறு வெப்பநிலையை ஏற்றிவிட்டோம் என்று கிளம்பியவர்கள் பலர் சறுக்கியது இங்கேதான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் ஜப்பானில் ஹிதேயோ ஹொசோனோ குழு, லந்தனம்-ஆக்சிஜன் அடுக்கும் இரும்பு-ஆர்சனிக் அடுக்கும் மாறி மாறி அமைந்த ஒரு சேர்மத்தை எடுத்துக்கொண்டது. ஆக்சிஜனில் கொஞ்சத்தை நீக்கி அந்த இடத்தில் ஃபுளூரினை வைத்ததும் 26 கெல்வினில் மீக்கடத்தல் வந்தது. அதே ஆண்டு பெய்ஜிங்கில் லந்தனத்துக்குப் பதில் சமாரியத்தைப் போட்டார்கள், 55 கெல்வின். திண்மப் பொருள்களில், சாதாரண அழுத்தத்தில், ஏறத்தாழ அங்கேயேதான் நிற்கிறோம். திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வின் இன்னும் எட்டவில்லை.

முதல் தவறு, மின்தடை வரைகோடு வளையத் தொடங்கும் புள்ளியைப் பிடித்துக்கொண்டு கொண்டாடுவது. மின்னோட்டம் சோம்பேறி. மாதிரிக்குள் தடையில்லாத ஒரு மெல்லிய இழை கிடைத்தால் போதும், அதன் வழியே ஓடிவிடும். மீட்டர் சுழியம் காட்டும். கால்சியம் இரும்பு ஆர்சனைடில் பிரசியோடைமியம் போன்ற அருமண் தனிமங்களைக் கலந்தபோது 47 கெல்வின் வரை மீக்கடத்தல் தெரிந்தது. ஆனால் மீக்கடத்தியாக மாறிய பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே. ஆகவே காந்த அளவீடும் வேண்டும்: காந்தப் புலமே இல்லாமல் குளிரவைத்து, பிறகு சிறு புலம் கொடுத்து, எவ்வளவு பங்கு அதை விரட்டுகிறது என்று பார்ப்பது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிப்புற ஓடு மட்டும் மீக்கடத்தியாக இருந்தாலே உள்ளே உள்ளதையும் மறைத்துக்காட்டும். தன்வெப்ப ஏற்புத்திறனில் (மாதிரியை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்; இது மாதிரி முழுவதையும் பொறுத்தது) ஒரு துள்ளல் தெரியும்வரை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது தராசை நம்புவது. 20 சதவீதம் ஃபுளூரின் நிறுத்துப் போட்டேன், ஆகவே படிகத்தில் 20 சதவீதம் என்று லேபிள் ஒட்டுவார்கள். சூளையில் 1,150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஃபுளூரின் சும்மா இருக்காது. ஒரு பகுதி குவார்ட்ஸ் குழாயைத் தின்னும். இன்னொரு பகுதி சமாரியம் ஆக்சிஃபுளூரைடு என்ற வேண்டாத தூளாகிவிடும். உண்மையில் உள்ளே போனது எவ்வளவு என்பதை எலெக்ட்ரான் நுண்ணாய்வில் (எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சித் தனிமங்களின் அளவைக் காணும் முறை) அளந்துதான் எழுத வேண்டும். இதில் பெரிய பாடம் 2012-ல் கிடைத்தது. ஹொசோனோ குழுவே ஃபுளூரினுக்குப் பதில் ஹைட்ரஜனை நுழைத்தது. ஃபுளூரின் நின்றுபோன இடத்தைத் தாண்டியும் ஹைட்ரஜன் உள்ளே போனது. ஹைட்ரஜன் அளவுக்கு எதிரே நிலைமாறு வெப்பநிலையை வரைந்தால், லந்தனச் சேர்மத்தில் 36 கெல்வினில் இரண்டாவது மேடு ஒன்று எழுந்தது. ஃபுளூரினால் மேற்கொண்டு நுழைய முடியாத எல்லையை, பொருளின் எல்லை என்று அதுவரை நினைத்திருந்தோம்.

சூளைப் பேச்சு வந்ததால் ஒன்று. ஆர்சனிக் சாதாரண அழுத்தத்தில் உருகாது. 615 டிகிரி வாக்கில் நேரே ஆவியாகும். மூடிய குழாயை அவசரமாகச் சூடேற்றினால் குழாய் வெடிக்கும், நச்சும் பரவும். ஆர்சனிக்கை முதலில் சமாரியத்தோடு மெல்லச் சேர்த்து ஆர்சனைடாக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மற்றவை.

அழுத்தினால் ஏறும் என்பதும் பாதி உண்மைதான். லந்தனச் சேர்மத்தை 4 ஜிகாபாஸ்கல் அளவில் அழுத்தியபோது 43 கெல்வின் வந்தது. அதே ஆசையில் 50 கெல்வினைத் தாண்டிய சமாரிய, நியோடிமியச் சேர்மங்களை அழுத்தினால் வெப்பநிலை இறங்குகிறது. இரும்பைச் சுற்றி நாலு ஆர்சனிக் அமைக்கும் நான்முகியின் கோணம் 109.5 டிகிரியை நெருங்கும்போது உச்சம் என்பது பொதுவான அனுபவம். சமாரியத்தில் அந்த வடிவம் ஏற்கெனவே கிட்டத்தட்ட அமைந்துவிட்டது. மேலும் கசக்கினால் கெடத்தான் செய்யும். (இந்தக் கோண விதியைச் ஆர்சனிக்குக்குப் பதில் செலினியம் கொண்ட செலினைடுகளிடம் கொண்டுபோக வேண்டாம்; அவை கேட்பதில்லை.)

எப்படி அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். எதுவும் கலக்காத கால்சியம் இரும்பு ஆர்சனைடைத் திரவம் நிரப்பிய அழுத்தக் கலத்தில் வைத்துக் குளிரவைத்தபோது மீக்கடத்தல் வந்தது. ஹீலியத்தை ஊடகமாக வைத்து எல்லாப் பக்கமும் சீராக அழுத்தியபோது வரவில்லை! முதல் முறையில் திரவம் உறைந்து, படிகத்தைக் கோணலாக நெரித்து, பல கட்டமைப்புகளின் கலவையாக்கியிருந்தது. மீக்கடத்தல் அந்தக் கலவையில் பிறந்தது.

இனி எல்லோரும் விரும்பிச் சொல்லும் சிவப்பு ஒயின் கதை. ஜப்பானின் சுகுபா நகரில் யோஷிஹிகோ டகானோ குழு, கந்தகம் கலந்த இரும்பு டெலூரைடை ஒயின், பீர், சாக்கே, விஸ்கி என ஒவ்வொன்றிலும் 70 டிகிரியில் ஒரு நாள் ஊறவைத்தது. சிவப்பு ஒயினில் மீக்கடத்தும் பங்கு சுமார் 62 சதவீதம். "ஒயின் மீக்கடத்தல் வெப்பநிலையை உயர்த்துகிறது" என்று பகிர்வது தவறு. உயர்ந்தது பங்கு. ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலமும் அதன் கூட்டாளிகளும் அடுக்குகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டிருந்த உபரி இரும்பைக் கரைத்து வெளியே இழுத்தன. காந்தத்தன்மை கொண்ட அந்த உபரி அணுக்கள்தான் குழப்பத்துக்குக் காரணம். இரும்பு செலினைடில் இது இன்னும் துல்லியம்: ஒரு செலினியத்துக்கு இரும்பு 1.01 என்ற அளவில் இருந்தால் 8.5 கெல்வினில் மீக்கடத்தி, 1.03 ஆனால் இல்லை.

இந்த இரும்பு செலினைடை ஒரே ஓர் அடுக்காக ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டின் மேல் வளர்த்தபோது 2012-ல் பெரும் பரபரப்பு. எலெக்ட்ரான் நிறமாலையில் தெரியும், மீக்கடத்தலின் அடையாளமாகக் கருதப்படும் ஆற்றல் இடைவெளி 65 கெல்வின் வாக்கில்தான் மூடுகிறது. அந்த எண்ணை எடுத்து "65 கெல்வினில் தடை சுழியம்" என்று எழுதுகிறார்கள். காற்று பட்டால் அடுக்கு கெட்டுவிடும் என்பதால் மேலே இரும்பு டெலூரைடு போர்த்தி, வெளியே எடுத்து மின்தடையை அளந்தபோது வீழ்ச்சி தொடங்கியதே 40 கெல்வினை ஒட்டித்தான். சுழியம் அதற்கும் வெகு கீழே. போர்வை கெடுத்ததா, இடைவெளி வேறெதையோ காட்டுகிறதா என்ற வாக்குவாதம் தனி. எந்த எண் எந்தக் கருவியில் வந்தது என்று பக்கத்திலேயே எழுதாமல் இரண்டையும் ஒரே அட்டவணையில் போடக் கூடாது.