கியர்பாக்ஸ் போனதும் பட்டறைக்கு ஓடாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை. தோட்டத்து ஆட்கள் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்ப வருவார்கள். பழைய காடி (கார்) வாங்கி ஏமாந்த கதையும் அவர்களோடு அடிக்கடி வரும். நானும் ஏமாந்தவள்தான்.

18,500 ரிங்கிட் கொடுத்து வாங்கிய ஆட்டோ கியர் காடி. பதினோராம் நாள் ஈப்போ போகும் வழியில், சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது உதறியது. வீட்டுக்கு வந்ததும் என் தம்பி கியர் எண்ணெய்க் குச்சியை உருவி வெள்ளை டிஷ்யூவில் துடைத்தான். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துப் போயிருந்தது. தீய்ந்த வாடை வேறு. "அக்கா, இது நேத்து கெட்டதில்ல" என்றான். டிஷ்யூவைப் படம் எடுத்து வைத்தேன்.

நம்மில் பலர் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். நேரே பட்டறைக்குப் போய்ப் பணத்தைக் கொட்டிச் செய்துவிட்டு, பில்லைத் தூக்கிக்கொண்டு விற்றவரிடம் போவார்கள். "யார் உங்களைச் செய்யச் சொன்னது?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிடுவார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1999, சரிசெய்யக்கூடிய குறையை முதலில் விற்றவரே சரிசெய்ய வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. நியாயமான காலத்துக்குள் அவர் செய்யவில்லை, மறுக்கிறார் என்றால்தான் வேறு இடத்தில் செய்து செலவைக் கேட்கலாம், அல்லது காடியைத் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுப்பதானால் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

அதனால் பட்டறையில் பரிசோதனை மட்டும் செய்து, என்ன கோளாறு, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு 3,800 ரிங்கிட் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை இணைத்து விற்றவருக்குக் கடிதம் எழுதினேன்: வாங்கிய தேதி, கோளாறு தெரிந்த தேதி, 14 நாளில் சரிசெய்து தர வேண்டும். சட்டத்தில் 14 நாள் என்று இல்லை; நான் வைத்த கெடு அது. பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸாப்பில் ஒன்று. போனில் சண்டை போட்டால் தொண்டை வறளும், ஆதாரம் ஒன்றும் மிஞ்சாது.

அவர் பதிலுக்கு இரண்டு காரணம் சொன்னார். முதலாவது, ரசீதில் 'உள்ள நிலையில் விற்கப்பட்டது' என்று இருக்கிறதாம். அந்த ஒரு வரியால் சட்டம் தரும் உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று வாங்கும் முன்பே உங்களுக்குக் காட்டியிருந்தால் அந்தக் குறைக்காக வழக்காட முடியாது. காடியின் வயதையும் விலையையும் வைத்துத்தான் தரத்தை எடைபோடுவார்கள். புதுக் காடியின் சுகத்தை நான் கேட்கவில்லை. பதினோரு நாளாவது ஓட வேண்டாமா?

இரண்டாவது, புஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தில் தேறிய காடியாம். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை, கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கெடு முடிந்தது. மலேசிய நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பாரம் 1 நிரப்பினேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பொதுவாக இரு பக்கமும் வழக்கறிஞர் வைக்க முடியாது, அதனால் பயம் வேண்டாம். பாரத்தில் கோபத்தை எழுதாதீர்கள், தேதியையும் தொகையையும் எழுதுங்கள். "அவன் பெரிய ஏமாத்துக்காரன்" என்று மூன்று வரி எழுதச் சொன்ன ஒரு அண்ணனிடம், அந்த இடத்தில் காடி ஓடிய தூரம் காட்டும் மீட்டரின் படத்தை ஒட்டுவோம் என்று சமாதானம் சொன்னேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் மறக்காதீர்கள், அதில் சொன்னதெல்லாம் சாட்சி.

விசாரணை நாளில் விற்றவரின் ஆள் ஒருவர் வந்தார். நடுவர் டிஷ்யூ படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இரு பக்கமும் பேசி 3,200 ரிங்கிட்டுக்கு ஒத்துக்கொண்டோம். நடுவர் அதையே தீர்ப்பாக்கினார். தீர்ப்புக்கு 14 நாளில் பணியாவிட்டால் அது குற்றம். பணம் பத்தாம் நாளே வந்துவிட்டது.

வங்கிக் கடனில் வாங்கியவர்கள் வழக்கு நடக்கிறதே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காடியை இழுத்துப் போக வங்கிக்கு வழி திறந்துவிடும். பக்கத்து லயத்து மாமாவிடம் நேரடியாக வாங்கிய காடி என்றால் இந்தச் சட்டம் உதவாது. வியாபாரமாக விற்பவர்களுக்குத்தான் இது.