சிறுவிடையில் கூமுட்டை குறைந்தது இப்படித்தான்

திருநெல்வேலி மாவட்டம் மானூர் பக்கம் சிறுவிடைக் கோழி (நாட்டுக்கோழியில் சிறிய ரகம்) வளர்க்கிறேன். சில தலைமுறை போனதும் அடைவைத்ததில் கூமுட்டை கூடியது, பொரித்த குஞ்சுகளும் நோஞ்சானாக நின்றன. தீவனத்தை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே வம்சத்துச் சேவல்கள். அண்ணன் தங்கைக்குள்ளேயே இனம் சேர்ந்தால் வீரியம் குறையத்தான் செய்யும்.

பெட்டைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். காலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வளையம். சேவல்களைத் தூரத்து ஊர்களில் வாங்கி, மூன்று வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே சேர்த்தேன். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். அப்புறம் வருஷாவருஷம் சிவப்பில் பிறந்த சேவல் மஞ்சளுக்குப் போகும், மஞ்சளில் பிறந்தது பச்சைக்கு, பச்சையில் பிறந்தது சிவப்புக்கு. பெட்டைக் குஞ்சுகள் தாயின் கூட்டத்திலேயே இருக்கும். இந்தச் சுற்று ஒழுங்காக நடந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடைவைத்த 7ஆம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். நரம்பு ஓடாத முட்டை கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். இப்போது அப்படி எடுப்பது ரொம்பக் குறைவு. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து கட்டாயம்.

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்குக் கறிக்கான சேவல்தான் போகும். வளர்க்கக் கேட்பவர்களுக்கு வீட்டில் வைத்தே கொடுக்கிறேன். சேவல் ஒரு வளைய நிறக் கூட்டம், பெட்டை வேறு நிறக் கூட்டம். ஒரே நிறத்தில் ஜோடி கேட்டால் தருவதில்லை.